தம்பிக்குத் தண்டுவடம் அடிபட்டு நாலு மாதம் ஆகிறது, லாரிக்காரர் தரும் 2 லட்சத்தை வாங்கிக் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: ராஜபாளையம் அக்கா

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தம்பிக்கு 29 வயது. எலக்ட்ரீசியன், சொந்தமாக வேலை எடுத்துச் செய்கிறவன், மாதம் 18,000 ரூபாய்க்குக் குறையாமல் கொண்டுவருவான். நாலு மாதத்துக்கு முன்னால் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரு வீட்டில் ஒயரிங் முடித்துவிட்டு ராத்திரி பத்தரை மணிக்கு பைக்கில் திரும்பும்போது, ரோட்டில் பாதியை அடைத்து நிறுத்தியிருந்த லாரியின் பின்னால் போய் மோதிவிட்டான். லாரிக்குப் பின்னால் சிவப்பு விளக்கு எரியவில்லை, முக்கோண போர்டும் இல்லை, நம்ம ஊர்க்காரர்கள் ஒடித்துப் போடுவார்களே மரக்கிளை, அதுகூட இல்லை. எதிரில் வந்த பஸ் வெளிச்சத்தில் கண் கூசியது, அடுத்த நொடி இரும்புதான் தெரிந்தது என்கிறான்.

முதுகுத்தண்டில் டி12 என்கிற எலும்பு நொறுங்கி உள்ளே நரம்பை அழுத்திவிட்டதாகச் சொல்லி மதுரையில் ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். கை இரண்டும் நன்றாக இருக்கின்றன. தொப்புளுக்குக் கீழே உணர்ச்சி இல்லை, சிறுநீருக்கு ட்யூப் போட்டிருக்கிறது. டிஸ்சார்ஜ் ஆகி வீட்டில் படுக்கையில்தான் இருக்கிறான்.

நாங்கள் எல்லோரும் ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்த நேரத்தில் லாரி டிரைவர் ஸ்டேஷனுக்குப் போய், நின்ற வண்டி மேல் இவன்தான் வேகமாக வந்து மோதினான் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். எஃப்.ஐ.ஆர். தம்பி பேரில்தான் இருக்கிறது. போன வாரம் லாரி உரிமையாளர் ஊர்ப் பெரியவர் ஒருவரோடு வந்து, 2 லட்சம் தருகிறேன், பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு முடித்துக்கொள்ளலாம், கேஸ் போட்டால் உங்கள் பையன் மேலேதான் தப்பு, பத்துப் பைசா வராது என்கிறார். நகையெல்லாம் அடகில் இருக்கிறது, அம்மா வாங்கிக்கொள்ளலாம் என்கிறாள். எனக்கு மனசு ஒப்பவில்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும். அடிபட்ட இடத்தில் ஆம்புலன்சுக்குக் காத்திருக்காமல் நாலு பேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிட்டார்கள். அதனால்தான் இப்படி ஆனதா? இவன் இனி நடப்பானா? டாக்டரிடம் கேட்டால் பார்க்கலாம் என்கிறார், அதற்கு மேல் பேச மாட்டேன் என்கிறார்.

பதில்: குமாஸ்தா, விருதுநகர் மாவட்டம்

தங்கச்சி, முதல் வேலை, அந்தப் பத்திரத்தில் யாரும் கையெழுத்துப் போடாதீர்கள். நான் 22 வருடமாக வக்கீல் ஆபீசில் விபத்து வழக்குக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு திரிகிறவன், இதைப் பார்த்துப் பார்த்து எழுதுகிறேன்.

உங்களுக்கு அவசரமான விஷயம் தேதி. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ல் கொண்டுவந்த திருத்தம் 2022 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்தது, அதன்படி விபத்து நடந்த 6 மாதத்துக்குள் 166வது பிரிவில் இழப்பீட்டு மனு போட வேண்டும். இந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்குகள் போயிருக்கின்றன. ஆனால் அதை நம்பி நீங்கள் உட்கார வேண்டாம். நாலு மாதம் போய்விட்டது, மிச்சம் இரண்டே மாதம். நீங்கள் ராஜபாளையத்தில் குடியிருப்பதால் விபத்து எங்கே நடந்திருந்தாலும் உங்கள் பகுதிக்கு உரிய விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலேயே போடலாம். தீர்ப்பாயம் என்றால் தனிக் கட்டடம் எதையும் தேட வேண்டாம், ஸ்ரீவில்லிபுத்தூரில் மாவட்ட நீதிமன்றமும் சார்பு நீதிமன்றமும் இருக்கின்றன, அங்கேதான் எம்.சி.ஓ.பி., அதாவது மோட்டார் விபத்து இழப்பீட்டு மனு என்று நம்பர் ஆகும்.

எஃப்.ஐ.ஆர். தம்பி பேரில் இருப்பதால் எல்லாம் போச்சு என்பது அந்த லாரி உரிமையாளருக்கு வசதியான பேச்சு. தீர்ப்பாயம் எஃப்.ஐ.ஆரை ஒரு ஆவணமாகப் பார்க்கும், அதுவே முடிவு கிடையாது. கிரிமினல் கோர்ட் மாதிரி சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கச் சொல்லவும் மாட்டார்கள், எந்தப் பக்கம் நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று எடை போடுவார்கள். ராத்திரியில் விளக்கில்லாமல் ரோட்டை மறித்து வண்டியை நிறுத்துவதே சட்டப்படி தப்பு, அந்தச் சட்டத்தின் 122வது பிரிவைப் படித்துப் பாருங்கள். இன்றைக்கே தம்பி சொல்வதை அப்படியே எழுதி, அவன் கையெழுத்தோடு எஸ்.பி. ஆபீசில் மனுக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பார்வை மகஜர் (விபத்து இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதும் குறிப்பு), இடத்தின் வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, இந்த மூன்றும் முக்கியம். வரைபடத்தில் லாரி தார் ரோட்டுக்குள் எத்தனை அடி நின்றது என்று இருக்கும். ஆய்வாளர் அறிக்கையில் பின்விளக்கு வேலை செய்ததா என்று இருக்கலாம். தூக்கிவிட்ட நாலு பேரில் ஒருவராவது கிடைத்தால் அவர்தான் உங்கள் சாட்சி. பக்கத்தில் பெட்ரோல் பங்க், கடை, டோல் எதிலாவது கேமரா இருந்ததா என்றும் கேளுங்கள், நாலு மாதத்தில் பெரும்பாலும் அழிந்திருக்கும், ஆனாலும் கேட்டுவிடுங்கள்.

முழுத் தப்பும் லாரி மேல்தான் என்று தீர்ப்பு வரும் என உறுதி சொல்ல மாட்டேன். நின்ற வண்டியில் மோதிய வழக்குகளில் பைக் ஓட்டியவரும் கவனித்திருக்க வேண்டும் என்று ஒரு பங்கைக் கழிப்பது உண்டு. கழித்த பிறகும் எவ்வளவு வரும் என்று பாருங்கள்.

2009ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த அட்டவணைப்படி 26 முதல் 30 வயது வரை பெருக்குத் தொகை, அதாவது வருட வருமானத்தைப் பெருக்க வேண்டிய எண், 17. 2017 தீர்ப்புப்படி சொந்தத் தொழில் செய்கிற, 40 வயதுக்குக் குறைந்தவருக்கு வருங்கால வளர்ச்சிக்கு 40 சதவீதம் கூட்ட வேண்டும். 18,000 இப்போது 25,200 ஆகிறது. வருடத்துக்கு 3,02,400. அதை 17ஆல் பெருக்கினால் 51,40,800 ரூபாய். இது சம்பாத்திய இழப்பு மட்டும்தான். ஆஸ்பத்திரிச் செலவு, இனி வரப்போகும் வைத்தியம், துணைக்கு ஆள், வலியும் வேதனையும், கல்யாண வாய்ப்பு, இதெல்லாம் தனித்தனித் தலைப்பு. துணை ஆளுக்கான செலவையும் இதே பெருக்குத் தொகையை வைத்துக் கணக்கிட வேண்டும் என்று 2020ல் ஒரு 12 வயதுச் சிறுமியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, மாதம் 10,000 என்று வைத்தாலே 20,40,000 வருகிறது. வருமானத்துக்கு ஆதாரம் போதாது என்று கோர்ட் குறைத்து எடுத்தாலும், தப்பில் பாதியைத் தம்பி மேல் போட்டாலும், 2 லட்சம் எங்கே இது எங்கே.

ஒரு பொறி இருக்கிறது. சதவீதக் கணக்கு. மெடிக்கல் போர்டு ஊனம் 80 சதவீதம் என்று எழுதினால் சம்பாத்திய இழப்பும் 80தான் என்று இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் வாதாடுவார். 2010லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது, உடம்பில் எத்தனை சதவீதம் என்பது வேறு, அவர் செய்த வேலையை இனி எவ்வளவு செய்ய முடியும் என்பது வேறு. ஏணியில் ஏறி ஒயர் இழுக்கிறவனுக்கு இரண்டு காலும் இல்லையென்றால் அந்தத் தொழிலில் இழப்பு நூறுதான். நம்ம பக்கம் சின்ன ஊனங்களுக்கு ஒரு சதவீதத்துக்கு இத்தனை ஆயிரம் என்று போடும் வழக்கம் ஒன்று உண்டு, தண்டுவட வழக்கை அதில் கொண்டுபோய் அடைக்க விடாதீர்கள்.

இன்னொரு பொறி அதே சட்டத்தின் 164வது பிரிவு. தப்பு யாருடையது என்று பார்க்காமலே பெருங்காயத்துக்கு 2.5 லட்சம் தரச் சொல்கிறது. உடனே பணம் என்று யாராவது அந்தப் பக்கம் தள்ளுவார்கள். அதை ஏற்றுக்கொண்டால் 166ல் போட்ட மனு காலாவதி ஆகிவிடும் என்று சட்டத்திலேயே இருக்கிறது.

லாரிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று அரசின் எம்பரிவாகன் ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்கள். விபத்துத் தேதியில் பாலிசி உயிரோடு இருந்தால் பணம் கொடுக்கப்போவது கம்பெனி, மூன்றாம் நபர் காயத்துக்கு அதில் உச்ச வரம்பு கிடையாது. உரிமையாளர் இவ்வளவு அவசரப்படுவதைப் பார்த்தால் எனக்கு அந்தப் பாலிசி மேல்தான் சந்தேகம்.

பதில்: சக்கர நாற்காலி அண்ணன்

குமாஸ்தா அய்யா சொன்னதில் ஒரு வரியையும் நான் மாற்ற மாட்டேன். உடம்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன், எனக்கு அடிபட்டது டி10 எலும்பு. 2013ல் வேன் கவிழ்ந்தது.

அம்மா, முதலில் அந்த ஆட்டோவை மனசிலிருந்து இறக்கி வையுங்கள். கழுத்தையும் முதுகையும் அசைக்காமல் பலகையில் வைத்துத் தூக்கியிருக்க வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் எலும்பு நொறுங்கும் அளவுக்கு இரும்பில் மோதியபோதே தண்டுவடம் பெரும்பாலும் அடி வாங்கியிருக்கும், தூக்கியதால் எவ்வளவு கூடியது என்று இப்போது யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அந்த நாலு பேர் ரோட்டில் விட்டுவிட்டுப் போகவில்லை. அவர்களைச் சாட்சிக்குக் கூப்பிடும்போது குற்றம் சொல்கிற மாதிரி ஒரு வார்த்தைகூட வந்துவிடக் கூடாது.

நடப்பானா என்று கேட்டீர்கள். என் அம்மாவும் இதைத்தான் கேட்டாள். அடிபட்ட புதிதில் தண்டுவடம் அதிர்ச்சியில் முழுசாகச் செயலற்றுப் போய்விடும், அது விலகச் சில நாளும் ஆகலாம், சில வாரமும் ஆகலாம். விலகிய பிறகு டாக்டர் ஒவ்வொரு இடமாக ஊசியாலும் பஞ்சாலும் தொட்டுப் பார்த்து ஏ, பி, சி, டி, இ என்று ஒரு எழுத்துப் போடுவார். ஆசனவாயைச் சுற்றித் தொடு உணர்ச்சியோ அங்கே சுருக்கும் சக்தியோ துளி இருந்தால்கூட பாதிப்பு முழுமையானது இல்லை என்று அர்த்தம், அந்தத் துளிக்கு மதிப்பு அதிகம். ஏ என்றால் கீழே எதுவும் வரவில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் அந்த எழுத்து இருக்கும், இல்லாவிட்டால் போய் எழுதி வாங்குங்கள், வழக்குக்கும் அது வேண்டும். நாலு மாதம் கழித்தும் ஏ என்றால், எழுந்து முன் மாதிரி நடப்பதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. இதை மறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை, ஏனென்றால் என் வீட்டில் மறைத்தார்கள், நடந்துவிடுவேன் என்று படுக்கையிலேயே ஒன்றரை வருடம் வீணாகப் போனது.

அந்த ஒன்றரை வருடத்தில் அக்குபஞ்சர், எண்ணெய்க் கட்டு, ஸ்டெம் செல் ஊசி என்று இருந்த காசெல்லாம் போனது. தண்டுவடக் காயத்துக்கு ஸ்டெம் செல்லைக் காசு வாங்கிக்கொண்டு சிகிச்சையாகத் தரக் கூடாது, ஆராய்ச்சியாக மட்டும்தான் செய்யலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. சூடான ஒத்தடம் தம்பி காலுக்கு வேண்டவே வேண்டாம். சுடுவது அவனுக்குத் தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் உங்களுக்கே தெரியும்.

டி12 என்றால் கை முழுசாக இருக்கிறது, உட்கார்ந்தால் உடம்பும் நிற்கும். கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் அங்கிருந்து கழிவறைக்கும் தானே மாறக் கற்றுக்கொள்ளலாம், ஸ்கூட்டர் ஓட்டலாம், உட்கார்ந்து செய்கிற வேலை செய்யலாம். இதெல்லாம் வீட்டில் படுத்துக்கொண்டு வராது, பயிற்சி வேண்டும். நான் வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மறுவாழ்வு மையத்தில் கற்றேன். 1966ல் அதைத் தொடங்கிய டாக்டர் மேரி வர்கீஸ் 1954ல் கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஆபரேஷன் செய்தவர். உங்களுக்கு வேலூர் தூரம், ஆனால் தென்காசிப் பக்கம் ஆய்க்குடி இருக்கிறதே, அங்கே உள்ள மறுவாழ்வு மையம் அமர் சேவா சங்கம். அதை 1981ல் தொடங்கிய ராமகிருஷ்ணன் அய்யா 1975ல் கடற்படை அதிகாரித் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம். இந்த வாரமே போய்க் கேளுங்கள்.

இப்போது வீட்டில் செய்ய வேண்டியது. படுக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் போடுங்கள், ராத்திரியும்தான், போனில் அலாரம் வையுங்கள். இடுப்பு எலும்பு, பின்பக்கம், குதிகால், கணுக்கால் இவற்றைக் காலையும் ராத்திரியும் வெளிச்சம் அடித்துப் பாருங்கள், சிவந்த இடம் அழுத்தினால் வெளுக்காமல் அப்படியே இருந்தால் அது புண்ணின் தொடக்கம். ட்யூபை வருடக்கணக்கில் வைத்தால் கிருமியும் கல்லும் சேர்ந்து கிட்னிக்குப் போகும். நாலிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை தானே சின்ன ட்யூப் விட்டுச் சிறுநீரை வடித்துவிட்டு ட்யூபை வெளியே எடுத்துவிடும் முறை இருக்கிறது, கை நன்றாக இருப்பதால் அவனே செய்வான், யூராலஜி டாக்டரிடம் கேட்டு மாறுங்கள்.

கேஸ் விஷயத்தில் என் கதையையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது வருடம் மக்கள் நீதிமன்றத்தில் 9 லட்சத்துக்கு ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். அப்போது அது பெரிய தொகையாகத் தெரிந்தது. நாலாவது வருடம் பின்பக்கம் புண் எலும்பு வரை போய், சதை எடுத்து மூடும் ஆபரேஷன், மூன்று மாதம் குப்புறப் படுக்கை. அதற்கு அடுத்த வருடம் சிறுநீரகக் கல். மக்கள் நீதிமன்றத்தில் முடித்ததற்கு அப்பீல் கிடையாது, கூடுதலாகக் கேட்கவும் வழியில்லை. இன்றைக்கும் ட்யூப், கையுறை, ஜெல்லி, டயப்பர், மாத்திரை என்று மாதம் 7,000 ரூபாய் ஆகிறது. சக்கர நாற்காலியும் குஷனும் சில வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். தம்பிக்கு இந்தக் கணக்கை எல்லாம் எழுதி, மறுவாழ்வு டாக்டர் கையெழுத்தோடு வருங்கால மருத்துவச் செலவு என்று கோர்ட்டில் கொடுங்கள், அவரையே சாட்சியாகக் கூப்பிடச் சொல்லுங்கள். அவன் பேசும்போது கோர்ட்டுக்கு ஒரு வழக்கு நம்பர் மட்டும் தெரியக் கூடாது, அவன் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று தெரிய வேண்டும்.

பதில்: மேஸ்திரி வீட்டம்மா

எங்கள் வீட்டுக்காரர் 2021ல் சாரத்திலிருந்து விழுந்தார், அப்போது 40 வயது. இது ரோட்டு விபத்து இல்லை என்பதால் தொழிலாளர் துணை ஆணையர் ஆபீசில்தான் மனு. இதைப் படிக்கிற வேறு யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன். அப்போது இருந்த சட்டத்தில் நிரந்தர முழு ஊனத்துக்குச் சம்பளத்தில் 60 சதவீதம், அதை வயதுக்கு உரிய எண்ணால் பெருக்க வேண்டும், சம்பளத்துக்கு வரம்பு 15,000. 40 வயதுக்கு அந்த எண் 184.17. ஆக 16,57,530 ரூபாய். கான்ட்ராக்டர், இவர் என்னிடம் வேலையே பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டார். சம்பளத்தை ஜி.பே.யில் போட்டிருந்ததுதான் எங்களைக் காப்பாற்றியது. உங்கள் தம்பிக்கும் வேலை கொடுத்தவர்கள் போனில் பணம் அனுப்பியிருப்பார்கள், பாங்க் ஸ்டேட்மெண்டை எடுத்து வையுங்கள்.

அப்புறம் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு இப்போதே போடுங்கள், வழக்கு முடியக் காத்திருக்க வேண்டாம். தண்டுவடம் பாதித்தவர்களுக்கு அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை தருகிறது, பேட்டரி சக்கர நாற்காலிக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல ஆபீசில் எழுதிக் கொடுக்கலாம்.

கேள்வி கேட்டவர்: ராஜபாளையம் அக்கா

படித்து அழுதுவிட்டேன். அம்மாவுக்கும் தம்பிக்கும் உரக்க வாசித்துக் காட்டினேன். எழுத்து ஏ என்றுதான் போட்டிருக்கிறது. தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம், ஆய்க்குடிக்கு எப்போது போகலாம் என்று கேட்டான்.

எம்பரிவாகனில் பார்த்தேன், இன்சூரன்ஸ் நடப்பில்தான் இருக்கிறது. குமாஸ்தா அண்ணா, ஆஸ்பத்திரியில் ஒருவர் கார்டு கொடுத்து, செலவெல்லாம் நாங்களே பார்க்கிறோம், வருவதில் 30 சதவீதம் கொடுத்தால் போதும் என்றார். எங்களிடம் கையில் காசு இல்லை. அவரிடம் போகலாமா? தம்பி கோர்ட்டுக்கு எப்படி வருவான்?

பதில்: குமாஸ்தா, விருதுநகர் மாவட்டம்

போகாதீர்கள். வருவதில் பங்கு கேட்டு வக்கீல் கட்டணம் பேசுவதையே பார் கவுன்சில் விதி தடை செய்கிறது. அது இங்கே நடக்கிறது என்பது வேறு விஷயம், ஆனால் துணை ஆளுக்காகக் கோர்ட் கொடுக்கும் பணத்தில் 30 சதவீதம் போனால் அவனைப் புரட்டிப் போட ஆள் இருக்காது. நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. மாற்றுத்திறனாளிக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் தர வேண்டும் என்பது 1987 சட்டம். இல்லையென்றால் விபத்து வழக்கு மட்டும் பார்க்கிற வக்கீல் ஒருவரிடம் கட்டணத்தை முன்கூட்டியே பேசி எழுதி வாங்குங்கள்.

தம்பிக்குப் புத்தி தெளிவாக இருப்பதால் மனு அவன் பேரில்தான், கையெழுத்து அவனுடையதுதான். சாட்சி சொல்லக் கோர்ட்டுக்கு வர முடியாவிட்டால் கோர்ட் நியமிக்கும் வக்கீல் கமிஷனரை வீட்டுக்கே அனுப்பிப் பதிவு செய்யக் கேட்கலாம். முடிந்தால் ஒரு முறையாவது சக்கர நாற்காலியில் அழைத்து வாருங்கள், நீதிபதி நேரில் பார்க்கட்டும்.

பில் எல்லாம் ஒரிஜினல் வேண்டும். மருந்துக்கடைத் துண்டுச் சீட்டு, ஆம்புலன்ஸ் ரசீது, பிசியோக்காரருக்குக் கொடுத்தது எல்லாவற்றையும் தேதி வாரியாக ஒரு ஃபைலில் போடுங்கள். வெயிலில் எழுத்து மங்கிப்போகும் சீட்டுகளை இப்போதே ஜெராக்ஸ் எடுங்கள். மனுப் போட்ட நாளிலிருந்து வட்டி உண்டு, அதனாலும் தள்ளிப் போட வேண்டாம். திங்கட்கிழமை போய்விடுங்கள்.

கேள்வி கேட்டவர்: ராஜபாளையம் அக்கா

சரி அண்ணா, திங்கட்கிழமை போகிறேன். ஊர்ப் பெரியவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார்.

சக்கர நாற்காலி அண்ணா, நீங்கள் சொன்ன மாதிரி டார்ச் அடித்துப் பார்த்தேன். இடது குதிகாலில் ஒரு ரூபாய் காசு அகலத்துக்குச் சிவந்திருக்கிறது, அழுத்தினால் வெளுக்கவில்லை. தோல் கிழியவில்லை. என்ன செய்யட்டும்?

பதில்: சக்கர நாற்காலி அண்ணன்

கெண்டைக்காலுக்கு அடியில் தலையணையை நீளவாக்கில் வைத்து, குதிகால் எதிலும் படாமல் காற்றில் நிற்கிற மாதிரி செய்யுங்கள். தேய்க்காதீர்கள், எண்ணெயும் வேண்டாம். காலையில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள், நாளைக்குள் சிவப்பு குறையவில்லை என்றாலோ கறுத்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். ராத்திரியில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அடிக்கும் அலாரத்தை மறந்துவிடாதீர்கள் அம்மா.